கட்டளை காணோம்! நிரலைத் தேடுவது எப்படி?



அடுக்களையில் வேலையாக இருக்கும் அம்மா, தம்பியை அழைத்து, "அஞ்சறைப் பெட்டியிலும் மேல் தட்டிலும் பார். சீரகம் இருக்கிறதா சொல்" என்கிறார். தம்பி இரண்டு இடங்களிலும் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லை, அம்மா" என்கிறான். ஆனால் கடையிலிருந்து வந்த பைக்குள்ளேயே சீரகம் பொட்டலமாகக் கிடக்கிறது. தம்பி பொய் சொல்லவில்லை. சொன்ன இடங்களில் பார்த்தான், அங்கே இல்லை. வீட்டிலேயே இல்லை என்று நாம் பொருள் கொண்டால், அது நம் பிழைதான்.

யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த கணிப்பொறிகளில் புதிதாகப் பழகுவோர் எல்லோரும் ஒருநாள் இதே போன்ற பதிலைச் சந்திக்கிறார்கள். ஒரு நிரலின் பெயரைத் தட்டி, என்டர் விசையை அழுத்துகிறோம். நிரல் ஓடவில்லை. "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று திரையில் ஒரு வரி வருகிறது. 'கட்டளை காணோம்' என்பது அதன் பொருள். உடனே நாம், நிரலே கணிப்பொறியில் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இருக்கும் நிரலை மறுபடி மறுபடி நிறுவுகிறோம். சிலர் கணிப்பொறி முழுவதையுமே அழித்துப் புதிதாக அமைக்கத் துணிகிறார்கள்.

'காணோம்' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்தவருக்கு இச்செய்தி அச்சம் தராது. அதைத்தான் இக்கட்டுரையில் காண்போம்.

(ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறோம். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். பேரெழுத்து வேண்டிய இடத்தில் தனியே சொல்லியிருக்கிறோம்.)

யார் தேடுகிறார்?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், 1969-ஆம் ஆண்டு கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். பி.டி.பி-7 என்னும் சிறிய கணிப்பொறியில் அது பிறந்தது. ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ், யூனிக்ஸின் வழியைப் பின்பற்றி எழுந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இயக்க முறைமையும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இந்த முறைமைகளில் நாம் தட்டும் கட்டளையை வாங்கிக்கொள்வது 'ஷெல்' என்னும் நிரல். ஷெல் என்றால் ஓடு. தேங்காயின் பருப்பைச் சுற்றி ஓடு இருப்பதுபோல, முறைமையின் உட்கருவைச் சுற்றி நமக்கும் அதற்கும் இடையே நிற்பதால் இப்பெயர். லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரும்பாலும் காணப்படுவது, பிரயன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளிவந்த 'பாஷ்' என்னும் ஷெல். நாம் கீழே பேசப்போவதும் அதைப் பற்றியே.

'எல்எஸ்' என்று தட்டினால் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இந்த வேலையைச் செய்வது ஷெல் அன்று. எல்எஸ் என்பது வட்டில் ஓரிடத்தில் இருக்கும் தனி நிரல். அதைத் தேடிக் கண்டுபிடித்து ஓட்டிவிடுவதே ஷெல்லின் வேலை. எங்கே தேடுகிறது?

தேடும் பட்டியல்

ஒரு கணிப்பொறியில் இலட்சக்கணக்கான கோப்புகள் இருக்கலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் அத்தனையையும் துழாவிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ஆகவே ஷெல்லிடம் ஒரு பட்டியல் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் 'பாத்'. பாதை என்று பொருள். ஆங்கிலப் பேரெழுத்துகள் நான்கால் எழுதவேண்டும். நீங்களே அதைப் பார்க்கலாம்:

எக்கோ $பாத்

என்று தட்டுங்கள். ஏறத்தாழ இப்படி ஒரு வரி வரும்:

/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யுஎஸ்ஆர்/பின்:/பின்

முக்காற்புள்ளிக்கு முக்காற்புள்ளி பிரித்துப் படியுங்கள். மூன்று அடைவுகளின் பெயர்கள் தெரிகின்றன. கோப்புகளை வகைப்படுத்தி வைக்கும் இடமே அடைவு. 'பின்' என்பது 'பைனரி' என்ற சொல்லின் சுருக்கம். ஓடக்கூடிய நிரல்கள் இருக்கும் இடம் என்று கொள்ளலாம்.

ஷெல் முதல் அடைவில் பார்க்கும். அங்கே அந்தப் பெயரில் ஓடக்கூடிய நிரல் இருந்தால் அதையே ஓட்டும், மேலே தேடாது. இல்லையென்றால் இரண்டாவது அடைவு; பிறகு மூன்றாவது. பட்டியல் தீர்ந்தும் கிடைக்கவில்லையென்றால், 'கட்டளை காணோம்' என்று கைவிரித்துவிடும். பட்டியலில் இல்லாத அடைவை எட்டிக்கூடப் பார்க்காது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. ஒன்று: நிரல் வட்டில் இருந்தும், அது இருக்கும் அடைவு பட்டியலில் இல்லாவிட்டால் ஷெல்லுக்கு அது இல்லாததே. இரண்டு: ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் இரண்டு அடைவுகளில் இருந்தால், பட்டியலில் முன்னால் நிற்கும் அடைவில் உள்ளதே ஓடும்.

செய்து பாருங்கள்

இதைப் படித்து நம்புவதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. ஆபத்தில்லாத ஒரு சோதனை இது. கட்டளை தட்டும் சன்னலைப் புதிதாகத் திறந்துகொள்ளுங்கள். அதில்,

பாத்=/எங்கோ

என்று தட்டுங்கள். சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடக்கூடாது. 'எங்கோ' என்பதைத் தமிழிலேயே தட்டலாம். அப்படி ஓர் அடைவு இல்லை. அதுதான் நமக்கு வேண்டியதும். இப்போது ஷெல்லின் பட்டியலில் இல்லாத ஊர் ஒன்றின் முகவரி மட்டுமே இருக்கிறது.

இனி 'எல்எஸ்' என்று தட்டுங்கள். சற்று முன்வரை ஓடிய நிரல் இப்போது காணோம்! (சில கணிப்பொறிகளில் இந்தச் செய்தி சற்றுக் கூடுதலான விளக்கத்துடன் வரலாம்.) நிரல் அழிந்துவிட்டதா? முழு முகவரியையும் தந்து,

/பின்/எல்எஸ்

என்று தட்டுங்கள். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்துவிடும். சாய்கோட்டுடன் முழு முகவரி கொடுத்துவிட்டால் ஷெல் பட்டியலைப் புரட்டுவதில்லை. நேரே அந்த இடத்துக்குச் செல்கிறது.

அடுத்து, 'எக்கோ வணக்கம்' என்று தட்டுங்கள். பட்டியல் பாழாகியும் 'வணக்கம்' என்று திரையில் வருகிறது. என்ன விந்தை! எக்கோ, அடைவு மாற்றும் 'சிடி' போன்ற சில கட்டளைகள் ஷெல்லுக்குள்ளேயே அமைந்தவை. கையில் இருக்கும் பொருளை எங்கும் போய்த் தேடவேண்டியதில்லை அல்லவா?

சோதனை முடிந்ததும் அந்தச் சன்னலை மூடிவிட்டு வேறொன்றைத் திறவுங்கள். எல்லாம் பழையபடி இருக்கும். நீங்கள் மாற்றியது அந்த ஒரு ஷெல்லின் கையில் இருந்த பட்டியலை மட்டுமே.

பேசும் பசு

இனி உண்மையான ஒரு வழக்கைப் பார்ப்போம். 'கௌசே' என்று ஒரு வேடிக்கையான நிரல் உண்டு. டோனி மன்றோ என்பவர் 1999-இல் எழுதியது. நாம் ஏதாவது சொல் கொடுத்தால், எழுத்துகளாலேயே ஒரு பசுவை வரைந்து, அந்தப் பசு அச்சொல்லைச் சொல்வதுபோலக் காட்டும்.

டெபியன் என்னும் லினக்ஸ் முறைமையில் ஒரு மாணவர் இதை நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரல்களை நிறுவ நிர்வாகியின் உரிமை வேண்டும். ஆகவே 'ரூட்' எனப்படும் நிர்வாகிக் கணக்கில் நுழைகிறார். நிறுவுதல் பிழையின்றி முடிகிறது. அங்கேயே 'கௌசே வணக்கம்' என்று தட்டுகிறார். 'கட்டளை காணோம்' என்று பதில் வருகிறது. மறுபடி நிறுவச் சொல்கிறார். 'ஏற்கெனவே புதிய பதிப்பு இருக்கிறது' என்கிறது கணிப்பொறி. இருக்கிறது என்கிறது ஒரு வாய். காணோம் என்கிறது இன்னொரு வாய். எதை நம்புவது?

இரண்டும் உண்மையே. டெபியனில் கௌசே நிரல் வைக்கப்படும் இடம் '/யுஎஸ்ஆர்/கேம்ஸ்' என்னும் விளையாட்டு அடைவு. சாதாரணப் பயனரின் பட்டியலில் இந்த அடைவு உண்டு. நிர்வாகியின் பட்டியலில் இல்லை. நிர்வாகிக் கணக்கிலிருந்து வெளியேறி, தம் சொந்தக் கணக்கில் அதே கட்டளையைத் தட்டினால் பசு வந்து வணக்கம் சொல்லும்!

இதற்கு நேர்மாறான வழக்கும் உண்டு. வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் 'எஃப்டிஸ்க்' போன்ற நிர்வாக நிரல்கள் 'எஸ்பின்' என்னும் அடைவில் இருக்கின்றன. டெபியனில் சாதாரணப் பயனரின் பட்டியலில் எஸ்பின் கிடையாது. அவருக்கு எஃப்டிஸ்க் காணோம், நிர்வாகிக்கு உண்டு. 2019-இல் வெளிவந்த டெபியன் 10-ஆம் பதிப்பில், 'எஸ்யு' என்று மட்டும் தட்டி நிர்வாகியானால் பழைய பட்டியலே கையில் தொடரும் என்று ஆயிற்று. நிர்வாகியான பிறகும் நிர்வாக நிரல்களைக் காணோமே என்று பலர் திகைத்தனர். 'எஸ்யு' என்பதன்பின் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு இட்டால் நிர்வாகியின் முறையான பட்டியல் வந்துவிடும்.

ஒரே கணிப்பொறி, ஒரே வட்டு, ஒரே நிரல். பட்டியல் மாறினால் விடையும் மாறுகிறது.

செய்தியை முழுவதும் படியுங்கள்

காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் ஒரே மருந்தை எந்த மருத்துவரும் தருவதில்லை. நிரல் ஓடவில்லை என்பதும் அப்படித்தான். ஷெல் மூன்று விதமாகக் குறை சொல்வதுண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால், பட்டியலில் உள்ள எந்த அடைவிலும் அப்பெயர் கிடைக்கவில்லை.

'பெர்மிஷன் டினைட்' என்றால், கோப்பு கிடைத்துவிட்டது. ஆனால் அதை ஓட்ட அனுமதி இல்லை. நீங்களே எழுதிய நிரலாக இருந்தால், 'சிஎச்மோட் +எக்ஸ்' என்று தட்டி, அடுத்து கோப்பின் பெயரைத் தந்தால் ஓடும் அனுமதி கிடைத்துவிடும்.

'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால், நீங்கள் தந்த முகவரியில் அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை. சில சமயம் கோப்பு கண்முன்னே இருக்கும்போதும் இச்செய்தியோ இதைப் போன்ற ஒன்றோ வருவது உண்டு. அந்நிரலை ஓட்டுவதற்கு வேண்டிய மற்றொரு நிரல் காணவில்லை என்பதே அதன் பொருள். பைத்தான் மொழியில் எழுதிய நிரலின் முதல் வரியில், பைத்தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் குறித்திருந்தால் இப்படி நேரும்.

ஷெல் இவற்றை எண்களாகவும் குறித்துவைக்கிறது. நிரல் ஓடாமல் போனவுடன் 'எக்கோ $?' என்று தட்டிப் பாருங்கள். 127 என்று வந்தால் காணோம் என்று பொருள். 126 என்றால் கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை என்று பொருள்.

வரிசையாகக் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

'காணோம்' என்ற பதில் வந்தால், கீழ்க்கண்ட கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் வரிசை இது.

1. பெயர் சரிதானா? யூனிக்ஸில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வெவ்வேறு. 'எல்' என்ற எழுத்துக்குப் பதிலாக 1 என்ற எண்ணைத் தட்டினாலும் காணாமல் போகும். கட்டளைக்கும் அதன்பின் வரும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விட மறந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே பெயராகக் கொண்டு ஷெல் தேடும்.

2. கட்டளையின் பெயர் அதுதானா? நிறுவும் தொகுப்புக்கு ஒரு பெயரும், தட்டவேண்டிய கட்டளைக்கு வேறு பெயரும் இருப்பதுண்டு. எழுத்துகளைத் தேடித்தரும் 'ரிப்கிரெப்' என்ற தொகுப்பை நிறுவினால், தட்டவேண்டியது 'ஆர்ஜி' என்ற இரண்டே எழுத்து. பைத்தான் பழகுவோர்க்கும் இது அடிக்கடி நேர்கிறது. பைத்தானின் 2-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020-இன் தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்த பல லினக்ஸ் முறைமைகளில் 'பைத்தான்' என்று தட்டினால் காணோம். 'பைத்தான்3' என்று தட்டினால் உண்டு.

3. நிரல் கணிப்பொறியில் இருக்கிறதா? டெபியன் குடும்பத்து முறைமைகளில் 'டிபிகேஜி' என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோட்டுடன் பேரெழுத்து 'எல்' இட்டு, தொகுப்பின் பெயரைத் தாருங்கள். அத்தொகுப்பின் கோப்புகள் எந்தெந்த அடைவில் வைக்கப்பட்டுள்ளன என்ற முழு விவரமும் வரும். தொகுப்பே இல்லை என்று வந்தால் மட்டும் 'ஏபிடி' மூலம் நிறுவுங்கள்.

4. நிரல் இருக்கும் அடைவு பட்டியலில் இருக்கிறதா? மேலே கிடைத்த இடத்தையும் 'எக்கோ $பாத்' காட்டும் வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் முழு முகவரியைத் தந்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் நோய் எது என்று தெளிவாகிவிட்டது.

5. ஷெல்லின் நினைவு பழையதா? ஒருமுறை கண்டுபிடித்த நிரலின் இடத்தைப் பாஷ் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு அந்நிரல் வேறு அடைவுக்கு இடம் மாறினால், பாஷ் பழைய இடத்துக்கே போய் நிற்கும். 'ஹாஷ் -ஆர்' என்று தட்டினால் பழைய நினைவை மறந்து புதிதாகத் தேடத் தொடங்கும். 'டைப்' என்று தட்டி நிரலின் பெயரைத் தந்தால், ஷெல் அதை எங்கே கண்டது என்று தானே சொல்லிவிடும்.

பட்டியலில் சேர்ப்பது எப்படி?

விளையாட்டு அடைவைப் பட்டியலின் இறுதியில் சேர்க்கவேண்டுமானால்,

பாத்=$பாத்:/யுஎஸ்ஆர்/கேம்ஸ்

என்று தட்டவேண்டும். வலப்பக்கத்தில் வரும் '$பாத்' என்பதைக் கூர்ந்து பாருங்கள். இருக்கும் பட்டியலை அப்படியே வைத்துக்கொள், அதன் கடைசியில் இதையும் சேர் என்று அது சொல்கிறது. அதை எழுத மறந்தால் பழைய பட்டியல் முழுவதும் போய்ப் புதிய அடைவு ஒன்றே மிஞ்சும். நம் சோதனையில் நடந்ததுபோல எல்எஸ் முதலான யாவும் காணாமல் போகும்.

இந்த மாற்றம் அந்தச் சன்னல் மூடும்வரைதான் நிலைக்கும். என்றும் நிலைக்கவேண்டுமானால், உங்கள் சொந்த அடைவில் இருக்கும் '.பாஷ்ஆர்சி' என்னும் கோப்பில் இதே வரியைச் சேர்க்கவேண்டும். முதலில் தட்டிப் பார்த்து, சரியாக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே கோப்பில் எழுதுங்கள்.

காலடியில் இருப்பது ஏன் தெரியவில்லை?

நீங்களே ஒரு நிரலை எழுதி, 'கணக்கு' என்று பெயரிட்டுச் சேமித்து, அதே அடைவில் நின்றுகொண்டு 'கணக்கு' என்று தட்டினாலும் 'காணோம்' என்றே பதில் வரும். காலடியில் கிடப்பதைக்கூடப் பார்க்காத இந்த ஷெல் அத்தனை மந்தமானதா?

மந்தம் அன்று, எச்சரிக்கை. பலர் பங்கிட்டுக்கொள்ளும் கணிப்பொறி ஒன்றை எண்ணிப் பாருங்கள். தீய எண்ணம் கொண்ட ஒருவர், பொதுவான அடைவு ஒன்றில் 'எல்எஸ்' என்ற பெயரிலேயே ஒரு போலி நிரலை வைத்துவிடுகிறார். உங்கள் கோப்புகளை அழிப்பதே அதன் வேலை. நிற்கும் அடைவிலேயே முதலில் தேடும் வழக்கம் ஷெல்லுக்கு இருந்தால், நீங்கள் அங்கே வந்து 'எல்எஸ்' என்று தட்டிய அக்கணமே போலி ஓடிவிடும். தட்டியவர் நிர்வாகியாக இருந்தால் கணிப்பொறி முழுவதற்கும் கேடு. ஆகவேதான் நிற்கும் அடைவு வழக்கமாகப் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை. உங்கள் நிரலை ஓட்ட,

./கணக்கு

என்று தட்டுங்கள். ஒற்றைப் புள்ளி என்றால் 'நான் நிற்கும் இந்த அடைவு' என்று பொருள். இதோ இங்கே இருப்பதைத்தான் ஓட்டச் சொல்கிறேன், தெரிந்தே சொல்கிறேன் என்று நீங்கள் ஷெல்லுக்கு உறுதி தருகிறீர்கள்.

இதே காரணத்தால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'காணோம்' என்ற செய்தியைக் கண்டு பதறி, யாரோ எங்கோ எழுதிவைத்த கட்டளையைப் பொருள் தெரியாமல் நிர்வாகியின் உரிமையுடன் ஓட்டாதீர்கள். காணாமல் போனதாகத் தோன்றிய ஒரு நிரலுக்காக, உண்மையிலேயே இருந்த கோப்புகளை இழக்க நேரிடலாம். நிர்வாகியின் உரிமை, நிறுவுவது போன்ற வேலைகளுக்கு மட்டுமே உரியது. தேடுவதற்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை; மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் சாதாரணப் பயனராகவே கேட்டுவிடலாம்.

கணிப்பொறி தான் பார்த்ததை மட்டுமே சொல்கிறது. எங்கே பார்த்தது என்று திருப்பிக் கேட்பது நம் பொறுப்பு. ஒரு பொருள் கிடைக்கவில்லை என்று யார் சொன்னாலும், "எங்கெங்கே தேடினீர்கள்?" என்பதே அறிவியல் பயிலும் மாணவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி. நாளைக்கே உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் 'எக்கோ $பாத்' என்று தட்டி, அதில் எத்தனை அடைவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அடைவின் பெயரையும் 'எல்எஸ்' கட்டளைக்குத் தந்து, அதில் என்னென்ன நிரல்கள் இருக்கின்றன என்றும் பாருங்கள். நீங்கள் இதுவரை பெயர்கூடக் கேட்டறியாத நூற்றுக்கணக்கான நிரல்கள் அங்கே காத்திருக்கும்.